தானாக ஏறிய கண்ணாடி

இது நடந்தது. நான் கட்டிய கதை இல்லை. என் நெற்றியில் இன்னும் தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

பிரேசிலின் தெற்கே, மலை மேலே எங்கள் ஊர். எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம்; புல்லெல்லாம் உறைபனி. பாலாடைக்கட்டி செய்து கீழே டவுனில் விற்பதுதான் என் பிழைப்பு. அதற்காகவே அந்தப் பழைய டர்போ காரை வாங்கினேன். வாங்கிய மாதமே மலை ஏறும்போது வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

மெக்கானிக் ஆடெலார் இன்ஜினை மொத்தமாக வெளியே தூக்கினார். பிஸ்டன், ஹெட், டர்போ எல்லாம் பிரித்து, பாதிக் குளிர்காலம் போன பிறகுதான் திருப்பி மாட்டினார். மலை ஏறி வந்ததும் உடனே ஆஃப் செய்யக் கூடாது, டர்போ சூடு ஆறும்வரை இன்ஜின் ஓடட்டும் என்றார். புகைக்குழாயில் ஒரு விரிசலாம். வெல்டிங் வைத்திருக்கிறாராம். புதுக் குழாய் வரும்வரை தாங்குமா, சொல்ல முடியாதாம்.

"அதுவரைக்கும் கண்ணாடியக் கொஞ்சம் இறக்கியே வைம்மா. விரிசல் வழியா உள்ள கசியுற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குற மாதிரியே கொண்டு போயிடும்."

என் பக்கத்துக் கதவில் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கித்தான் வைத்தேன். வீட்டு வாசலில் சூடு ஆறக் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால்... கண்ணாடி மூடியிருந்தது.

நானே மறதியில் ஏற்றியிருப்பேன் என்று நினைத்தேன். மறுநாளும் அதே. என் கணவர் நெல்சோவிடம் சொன்னேன்.

"காருக்குக் குளிருது போல. ஒரு கம்பளியப் போத்தி விடு" என்று சிரித்தார்.

புதுக் குழாய் வந்துவிட்டதாக ஆடெலார் சொல்லி அனுப்பினார். மாலை 4:10. பட்டறை வாசலில் நிறுத்தினேன். சுற்றிலும் மூடுபனி. டர்போ சூடு ஆற இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி நான்கு விரல் இறங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரீச்... கிரீச்...

கண்ணாடியை ஏற்றி இறக்கும் அந்தக் கைப்பிடி தானாகச் சுற்றியது.

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். என் கைகளையும் சேர்த்துச் சுற்றியது. ஐஸ் மாதிரி சில்லென்று...

கண்ணாடி மூடியது.

தலை கனத்தது. சாவியைத் திருப்பவேண்டும்... கை எழவில்லை.

காதருகே ஓர் ஆண் குரல்.

"குளிருது..."

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நெற்றியில் ரத்தம். கதவு உள்ளே பூட்டியிருந்ததாம். ஆடெலார் கண்ணாடியை உடைத்துத்தான் என்னை இழுத்திருக்கிறார்.

"ஏத்தாதேன்னு சொன்னேன்ல?" என்று கத்தினார்.

"நான் ஏத்தலண்ணே."

தேறியதும், காரை எனக்கு விற்ற இல்செ அம்மாவைத் தேடிப் போனேன். முதலில் மழுப்பினார். பிறகு அழுதார். அவர் கணவர் போன வருஷம் ஜூலையில் அந்த சீட்டிலேயே இறந்திருக்கிறார். வீட்டு வாசலில்... டர்போ சூடு ஆறக் காத்திருந்தபோது. புகை உள்ளே கசிந்திருக்கிறது.

ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை போட்டேன். கைப்பிடி சுற்றியதையும் சொன்னேன்.

அவர் அழுகை சட்டென்று நின்றது.

"எந்தக் கைப்பிடி? அந்தக் கதவுல கைப்பிடியே கிடையாதேம்மா."

தினமும் அதைச் சுற்றித்தானே கண்ணாடியை இறக்கினேன் என்றேன்.

"குளிருக்குக் கண்ணாடிய ஏத்தியிருக்காரு. அப்புறம் மூச்சு முட்டி இறக்கப் பாத்திருக்காரு. கைப்பிடி பிஞ்சு கையோட வந்துடுச்சு. அந்த விரல எங்களால பிரிக்க முடியல. அதோடதான் புதைச்சோம்."