கிருஷ்ணம்மாள் கையெழுத்துப் போடாத பக்கம்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் எல்லா முடிவும் கூடிப் பேசித்தான் எடுப்பார்கள். கூடுவது டீக்கடையில். பேசுவது கல்விக் குழுத் தலைவர் மாயவன். பிறகு தலைமையாசிரியர் தீர்மான நோட்டோடு சைக்கிளில் வீடு வீடாக வருவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி இருக்கும். யோசிக்கிற சிரமத்தைக்கூட நமக்கு வைக்கமாட்டார்கள்.

குழுவில் தாய்மார்கள் சார்பில் இரண்டு பேர். ஒருத்தி நான், என் வாய் சோறு தின்ன மட்டும் திறக்கும். இன்னொருத்தி கிருஷ்ணம்மாள். ஐந்தாவது வரை படித்துவிட்டு வெங்காயக் காட்டில் களை வெட்டுகிறவள். நாலு வருடமாக அவளும் குறி கண்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பாவம், சார் வெயிலில் நிற்கிறாரே என்றுதான்.

2003இல் பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்ட உத்தரவு வந்தது. பள்ளியின் முகப்பில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். அதிகாரிகள் ஜீப்பிலிருந்து இறங்காமலே பார்த்துக்கொள்ளலாமாம். ஏழாவது படிக்கும் கிருஷ்ணம்மாள் மகள் சிவரஞ்சனி, அங்கே போவதற்குப் பதில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுகிறேன் என்றாள். கக்கூஸ் இல்லாததால் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து, இரண்டு முறை மயங்கி விழுந்தவள் அவள்.

நோட்டு வந்தது. கிருஷ்ணம்மாள் பேனாவைத் தொடவில்லை.

"கூட்டமே போடலியே, எதுக்கு சார் கையெழுத்து?"

வேறு வழியில்லாமல் பள்ளியிலேயே கூட்டம் போட்டார்கள்.

"ஏம்மா, சுத்தி சுவரு வரப்போவுது. அப்புறம் என்ன வெக்கம்?" என்றார் மாயவன்.

"சுவரு உள்ள போன பெறவுதாங்க மறைக்கும். போற வழி வெளியதான?" என்றவள், தண்ணீர் மொண்ட சொம்பை அவரிடம் நீட்டினாள். "நீங்க ஒருவாட்டி கோடு வரைக்கும் போயிட்டு வாங்க. நாங்க இங்கன நிக்கிறோம்."

இது ஒரு பெரிய விஷயமா என்று தலைவர் சொம்போடு கம்பீரமாக நடந்தார். கோட்டை நெருங்கவும் அரியலூர் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"தலைவரே, வவுறு சரியில்லியா?" ஜன்னலிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது.

போனதைவிட வேகமாகத் திரும்பினார். சொம்பில் பாதித் தண்ணீர் வேட்டியில் இருந்தது.

மறுநாள் நோட்டு வந்தது. 'தலைவரின் தொலைநோக்கான யோசனைப்படி பள்ளியின் பின்புறம் கட்டத் தீர்மானிக்கப்பட்டது.' கிருஷ்ணம்மாள் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். தொலைநோக்கு என்ற இடத்தில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெருக்கல் குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டாள்.

கட்டி முடித்த வாரம், சிவரஞ்சனி பள்ளிக்குக் கொண்டுபோகத் தண்ணீர் பாட்டில் கேட்டாள்.