ஓரகத்திக்கு ஆறரை, எனக்கு எட்டு

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் கொழுந்தன் வீட்டில் விருந்து. பிரியாணி முடிந்ததும் எல்லோரும் ஃபேனுக்குக் கீழே சாய்ந்துவிட்டோம். என் ஓரகத்தி ஸ்டெல்லா மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கால் மணி நேரம் தெருவில் நடந்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் பொட்டு வேர்வை இல்லை... இதற்குப் பெயர் வாக்கிங்கா?

அப்போதுதான் கொழுந்தன் பெருமையாகச் சொன்னார். ஸ்டெல்லாவின் மூன்று மாத சர்க்கரை சராசரி எட்டரையிலிருந்து ஆறரைக்கு வந்துவிட்டதாம். சாப்பிட்டதும் இப்படி நடப்பாள், அவ்வளவுதானாம்.

எனக்கு எட்டு. பல வருடமாக அதைச் சுற்றித்தான்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் என் கணவர், "ஸ்டெல்லாவப் பாத்து நீயும் கொஞ்சம் நடக்கலாமே" என்றார். ஸ்டெல்லாவின் மீன் குழம்பு, ஸ்டெல்லாவின் சிக்கனம், ஸ்டெல்லா பிள்ளைகளின் மார்க்... எல்லாம் கேட்டாயிற்று. இப்போது சர்க்கரையிலுமா?

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இறங்கினேன். அவள் நடந்தால் நான் ஓட வேண்டாமா? ஐம்பத்தாறு வயதில், மூச்சு முட்ட ஓடினேன். விரலைக் குத்திப் பார்த்தால் — ஓடுவதற்கு முன் 150, ஓடிய பின் 190! மெஷின் கோளாறு என்று புது ஸ்ட்ரிப் வாங்கினேன். அதே கதை. இன்னும் வேகமாக ஓடினேன். இன்னும் ஏறியது.

அந்த வாரம் ஸ்டெல்லா போனில் நலம் விசாரித்தாள். என் வாய் சும்மா இருந்ததா? தினமும் ஓடுகிறேன், சர்க்கரை நூற்றுப்பத்தைத் தாண்டுவதே இல்லை என்று அள்ளிவிட்டேன். அவள் குரல் இறங்கிவிட்டது; எத்தனை மணிக்கு ஓடுவீங்கக்கா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

பத்து நாள் கழித்துக் காலையில் கொழுந்தன் போன் செய்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஸ்டெல்லா தெற்கு வீதியில் ஓடியிருக்கிறாள். கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். டீக்கடைக்காரர் சர்க்கரை கரைத்துக் கொடுத்த பிறகுதான் தெளிந்தாளாம்.

"என்னான்னே தெரியல அண்ணி, திடீர்னு ஓட ஆரம்பிச்சிட்டா" என்றார்.

எனக்குத் தெரியுமே.

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். அவளோடு டாக்டரிடமும் போனேன். என் கதையையும் மெல்லக் கேட்டுவைத்தேன். மெஷின்மேல் குற்றமில்லை என்றார் அவர். மூச்சு முட்ட ஓடினால் உடம்பு ஏதோ ஆபத்து என்று நினைத்து, ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்துக்குள் விடுமாம். கொஞ்ச நேரத்தில் தானே தணியுமாம். ஸ்டெல்லாவின் மாத்திரை வேறு வகை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஓடினால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். ஓடுவது தப்பில்லை, இதயத்தைப் பரிசோதித்துவிட்டுப் படிப்படியாகப் போகணும். சாப்பிட்டபின் நடக்கிற அந்தச் சாதாரண நடையைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"நூத்திப்பத்துன்னு சொன்னது பொய் ஸ்டெல்லா. ஓடுனா எனக்கு ஏறத்தான் செஞ்சுது. உம்மேல பொறாமை... அதான்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கீழே பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கு மட்டும் பொறாமை இல்லியாக்கா? வேலைக்குப் போறீங்க, பேப்பர்ல எழுதுறீங்க. எங்க வீட்ல எதுக்கெடுத்தாலும் அண்ணியப் பாரு, அண்ணியப் பாருன்னுதான் சொல்றாரு. இந்த ஒரு விஷயத்துலதான் உங்கள முந்துனேன். அதுவும் போயிடுச்சேன்னுதான் ஓடுனேன்."

இருபத்தெட்டு வருடம்... அண்ணன் இங்கே அவளைக் காட்டி என்னை எரித்திருக்கிறார். தம்பி அங்கே என்னைக் காட்டி அவளை எரித்திருக்கிறார். இரண்டு பேரும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்!

இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறோம் — அவள் சிதம்பரத்தில், நான் கடலூரில். பேச விஷயமா இல்லை? அண்ணன் தம்பி இருக்கிறார்களே.

அடுத்த மாதம் இரண்டு பேருக்கும் டெஸ்ட். ஸ்டெல்லாவுக்கு நல்லபடியாக வரவேண்டும் என்று போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் மனதார வேண்டிக்கொண்டேன்.

எனக்கு அதைவிட ஒரு புள்ளி குறைவாக.