மச்சானின் மூச்சும் என் மூச்சும்

மாம்புரிப் பக்கம் கொச்சிக்காய் மிளகாய்ச் செடிக்குப் பூச்சிமருந்தடிக்கிற எவரும் காற்றைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். பாதியில் கடற்காற்று திரும்பினால், இன்னும் ஒரு பாத்திதானே என்று நிறுத்தமாட்டார்கள். என் தங்கச்சியின் புருஷனும் நிறுத்தவில்லை. முகத்தில் கட்டிய துணி மருந்தில் ஊறிப்போன பிறகும் அவிழ்க்கவில்லை.

நான் போனபோது வரம்பில் குந்தியிருந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது.

"என்ன மச்சான், பல்லு முளைக்குதா?"

மச்சான் சிரிக்கவில்லை. சரிந்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். மனித உடம்பில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் எந்த நஞ்சென்றாலும் முதலில் இளநீர்தான். ஓடினேன். வெட்டிப் போட்டிருந்த குலை காலடியில் கிடக்க, மரம் ஏறத் தெரியாத நான் பாதி மரம் ஏறி, வயிற்றைச் சிராய்த்துக்கொண்டு இறங்கி, கீழே கிடந்த குலையிலேயே ஒன்றைச் சீவி எடுத்து வந்தேன். அதற்குள் தங்கச்சி அவருடைய சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள். 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் என்றும் பாராமல், நான் வாயில் சாய்க்கப் போன இளநீரைத் தட்டிவிட்டாள்.

"மூச்சே எடுக்கேலாமக் கெடக்குறாரு நானா, அதுக்குள்ள தண்ணியும் ஊத்தப் போறீங்களா? ஓட்டோவக் கூப்புடுங்க."

ஆஸ்பத்திரியில் வாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சினார்கள். உறிஞ்ச உறிஞ்ச ஊறியது. உதடு கத்தரிக்காய் நிறம். காய்ந்த மணலில் நின்ற மனிதர் தன் நெஞ்சில் ஊறிய நீரிலேயே மூழ்கிக்கொண்டிருந்தார். ஒட்சிசன் முகமூடியைப் போட்டு, டொக்டர் ஊசிமேல் ஊசி ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு காயணும். அதுவரைக்கும் குடுப்போம்."

பிழைப்பாரா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "டொக்டர், எனக்கும் ஒண்டு போடுங்க" என்று வந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

மச்சானின் நெஞ்சு ஏறும்போது நானும் இழுத்தேன், இறங்கும்போது விட்டேன். அது ஏறத் தாமதித்த போதெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து இழுத்தேன். விரல்கள் விறைத்தன. கண் இருண்டது. கட்டிலின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தாதி குனிந்து பார்த்தார். "இவரு எந்தத் தோட்டத்துல மருந்தடிச்சவரு?"

"இவரு அடிக்கல்ல மிஸ், பயந்துட்டாரு" என்றாள் தங்கச்சி.

பிறகு என் தோளில் கை வைத்தாள். நெஞ்சுக்குள் கொதித்த அந்தச் சத்தம் அடங்கியிருந்தது.

"போதும் நானா, உடுங்க. இப்ப அவரே எடுக்குறாரு."