சிலிண்டர் படத்துக்கு நான் எழுதிய கருத்து

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரு துணிக்கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், விண்ணப்பம் அனுப்ப வருகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மெயில் அடிக்கச் சொல்கிறவர்கள் என்று காலையில் கூட்டம் இருக்கும். அது குறைந்ததும் என் மேஜையில் இருந்த மெஷினில் ஒரு அனிமேஷன் குறும்படத்தைத் திறப்பேன்.

எல்லாம் தனி ஆட்கள் செய்த படங்கள். பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. ஒருவரே வரைந்து, ஒருவரே அசைத்து, வீட்டிலிருந்தே இணையத்தில் ஏற்றிவிடுவார். இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்தப் படங்களைப் பற்றிப் பேசத் தமிழில் ஒரு விவாதக் குழு இருந்தது. மற்றவர்கள் "சூப்பர்", "மொக்கை" என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள். நான் பத்தி பத்தியாக எழுதினேன்.

எனக்கு எதையும் வரிசையில் அடுக்கினால்தான் யோசிக்க வரும். ஒவ்வொரு படத்திலும் மூன்று விஷயம் பார்ப்பேன். முதலாவது எடை: தூக்குகிற பொருளுக்குக் கனம் இருக்கிறதா, இல்லை காகிதம் மாதிரி வருகிறதா. இரண்டாவது, கதையில் ஒன்றும் நடக்காத நேரத்தில் அந்த ஆள் என்ன செய்கிறார். மூன்றாவது, முடிவை நான் முன்பே கண்டுபிடித்துவிட்டேனா. நனைந்த நாய் ஒன்று உடம்பை உதறும் படத்துக்கு, "நாய் உதறுகிறது, தோல் உதறவில்லை" என்று எழுதினேன். செய்தவர் அதைத் திருத்தி மறுபடி ஏற்றினார். ஒரு பெண் துணி பிழிகிற படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். பிழிந்து முடித்ததும் அவள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள், அதற்காக. கொஞ்ச நாளில், "உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்" என்று படம் செய்கிறவர்களே எழுத ஆரம்பித்தார்கள்.

ஒலி என் வரிசையில் இல்லை. சென்டரில் ஸ்பீக்கரே கிடையாது. மாடியில் பாட்டு ஓடினால் கீழே துணிக்கடையில் வியாபாரம் கெடுகிறது என்று கடைக்கார அண்ணன் சத்தம் போட்டதால், சென்டரை நடத்திய பாய் எல்லா ஸ்பீக்கரையும் கழற்றி மூட்டை கட்டிவிட்டார். நல்ல மெஷின்கள் காசு கொடுத்து உட்காருகிறவர்களுக்கு. என் மேஜையில் இருந்தது அவர் முதன்முதலில் வாங்கிய மெஷின். டைப் அடிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் அது போதும்.

அப்படி ஒரு நாள் சிலிண்டர் படம் வந்தது. ஒரு பெரியவர் சமையல் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறுகிறார். ஏறி, கதவைத் தட்டப் போகும்போது சிலிண்டர் நழுவிப் படிகளில் உருண்டு கீழே போய்விடுகிறது. அவர் பின்னாலேயே இறங்குகிறார். மறுபடி ஏறுகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த மாதிரி நிதானத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஒரு படியில் கால் வைக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. சிலிண்டர் உருளும்போது ஒவ்வொரு படியிலும் தயங்கித் தயங்கிப் போனது. அவர் மேலேயே நின்று, அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவில் எல்லோரும் "செம காமெடி" என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வழக்கத்தைவிட நீளமாக எழுதினேன். சிரிக்கிறவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றே ஒரு வரி அதில் இருந்தது. "கையை விட்டுப் போன ஒன்றைப் பெரியவர் நின்று பார்க்கும் அந்த நேரம்தான் படம். மற்றதெல்லாம் அதற்கு வழி" என்று முடித்தேன்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மெயில் வந்தது. அந்தப் படத்தைச் செய்தவரும் அவருடைய நண்பர்களும் சென்னையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, குறும்படங்களுக்காகவே ஒரு இணையதளம் நடத்துகிறார்கள். வருகிற படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு ஆள் வேண்டும். நேரில் வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

என்னோடு படித்தவர்கள் எல்லோரும் அதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார்கள். ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில் பஸ் வரும், போன் பாகங்கள் பொருத்துகிற வேலை. என் பெயரும் அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இந்தச் சென்னை வேலை கிடைத்தால் அந்த பஸ்ஸில் ஏற வேண்டாம். படிக்காதவர்கள்கூடச் செய்கிற வேலை அது என்று ஒரு நினைப்பும் எனக்கு இருந்தது.

துணைக்கு அம்மா வந்தாள். மானாம்பதியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த வருஷம் விளைந்த வேர்க்கடலையை ஒரு கட்டைப்பையில் நிரப்பி எடுத்துக்கொண்டாள். இண்டர்வியூவுக்குக் கடலை எடுத்துப்போகக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"வெறுங்கையோட ஒருத்தர் வூட்டுக்குப் போவ முடியுமா? நீ உன் பேப்பர எடுத்துக்கினு வா, நான் என் கடலைய எடுத்துக்கினு வரேன்."

அம்மாவுக்கு அந்தப் படம் தெரியும். முந்தின வாரம் உரம் வாங்க டவுனுக்கு வந்தவளை மாடிக்குக் கூப்பிட்டு, என் மெஷினில் போட்டுக் காட்டியிருந்தேன். "பாவம், இந்தாளுக்கு மூட்டு வலி போலக்கீது" என்று சொல்லிவிட்டு, பாதியிலேயே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

சென்னையில் அந்த வீட்டின் முன்னறையில் ஏழெட்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். தளத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட மேடம் கடலைப்பையைச் சந்தோஷமாக வாங்கி நடுவில் வைக்க, எல்லோரும் உரித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். சிலிண்டர் படத்தைச் செய்தவர் மெலிந்த இளைஞர், என் வயதுதான் இருக்கும். அவருடைய மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நான் எழுதியது.

"முதல்ல அந்தப் படத்தைப் போடலாம். எல்லாரும் பார்த்துட்டு அப்புறம் நீங்க பேசுங்க" என்றார் மேடம்.

நான் பேச வேண்டியவற்றை ஒன்று, இரண்டு என்று எழுதி வைத்திருந்தேன். தாளை மடியில் விரித்துக்கொண்டேன். விளக்கை அணைத்தார்கள். சுவரில் படம் பெரிதாக விழுந்தது.

முதலில் வந்தது சத்தம். மேளமும் விசிலும். பெரியவர் குடுகுடுவென்று ஓடிவந்தார். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். சிலிண்டர் நழுவி, படிக்கு ஒரு அடி மேளத்தோடு தடதடவென்று உருண்டது. பெரியவரின் கண் இரண்டும் வெளியே பிதுங்கி உள்ளே போயின. அடுத்த நொடி அவரும் பின்னால் ஓடினார். அறையே சிரித்தது. எத்தனை முறை பார்த்திருப்பார்களோ, அப்படியும் சிரித்தார்கள்.

என்ன நடந்திருக்கிறது என்பது இரண்டாவது முறை சிலிண்டர் உருள்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்து அனிமேஷன், வீடியோ மாதிரி அப்படியே வந்து ஓடாது. எந்தக் கோட்டை எங்கே நகர்த்த வேண்டும் என்ற கட்டளைகள்தான் வரும். பார்க்கிறவரின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு அசைவையும் தானே வரைந்து காட்டும். கம்ப்யூட்டருக்குச் சக்தி இல்லாவிட்டால் தாமதமாக வரையும். படம் நிற்காது, மெதுவாகிவிடும். இதைப் பாலிடெக்னிக்கில் நான் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நான் நிதானம் என்று எழுதியது பாயின் பழைய மெஷின் மூச்சு வாங்கியதை.

அதை எனக்குள் வைத்துக்கொண்டு எப்படியாவது பேசிவிடலாம் என்று அந்த இருட்டில் ஒரு கணம் கணக்குப் போட்டேன். அப்போது அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாடி இது! இந்தாளு இப்டி ஓடுறான்? நம்ம சென்டர்ல ஒரு படி ஏர்றதுக்குள்ள நமக்கே கால் வலிக்குமே!"

"சும்மா இரும்மா."

"இல்லடி, அங்க நொண்டிக்கினு கெடந்தான். மெட்ராஸ் வந்ததும் கால் சரியாயிடுச்சு பாரேன்."

எல்லோரும் அம்மாவின் பேச்சுக்குச் சிரித்தார்கள். அம்மாவுக்கும் சந்தோஷம், கூடவே சிரித்தாள். விளக்கு போட்டதும் மேடம் சிரித்தபடியே கேட்டார், "உங்க சென்டர்ல என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். எந்த பிராசசர், எவ்வளவு மெமரி என்று வரிசையாகச் சொன்னேன். வாய் தானாகச் சொல்லியது. நான் முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கடலை உடைக்கிற சத்தமும் நின்றது.

படம் செய்தவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "அவர் நின்னு பார்க்கிற இடம்னு எழுதியிருந்தீங்களே. எவ்வளவு நேரம் நின்னாரு உங்க மெஷின்ல?"

"ரொம்ப நேரம் நின்னாருங்க."

"அது கால் செகண்டுங்க. கண்ணு வெளியே வந்துட்டுப் போறதுக்கு."

யாரோ ஒருவர் அவரைச் சீண்டினார். "டேய், அந்தப் பேப்பரைச் சுவத்துலேர்ந்து கிழிச்சுடாதே. கீழே மெஷின் மாடலையும் எழுதி வை." இந்த முறை யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

ஏனென்று மேடம் சொன்னதும் தெரிந்தது. என் கருத்தைப் படித்த பிறகு அவர் அடுத்த படத்தை அந்த வழியிலேயே செய்துகொண்டிருந்தார். வேகத்தையும் மேளத்தையும் விட்டுவிட்டார். அன்றைக்கு அதை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதாகத் திட்டம். அவர் வேண்டாம் என்றார். மேடம், வந்ததற்குப் பார்த்துவிடட்டும் என்றார்.

ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் நிற்கிறாள். வரிசை நகர்கிறது. அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறாள். மெதுவாக, மிக மெதுவாக மாற்றுகிறாள். பையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கையிலும் ஒன்றும் இல்லை. ஓடத் தெரிந்த ஒருவரைப் பிடித்து நடக்க வைத்த மாதிரி இருந்தது. திரையில் என் வாக்கியங்கள்தான் தெரிந்தன, ஒவ்வொன்றாக.

"சொல்லுங்க" என்றார் மேடம்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் மானம் மிச்சமாகியிருக்கும். வேலையும் ஒருவேளை கிடைத்திருக்கும். ஆனால் எடையைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"எடை இல்லீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க சொன்ன மாதிரிதாங்க செஞ்சேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது தேடியிருப்பேன். மடியில் இருந்த தாளை மடித்தேன். இன்னும் மடித்தேன். எங்களை வழியனுப்ப மேடம் மட்டும் வாசல் வரை வந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா சிலிண்டர்காரன் ஓடியதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். செங்கல்பட்டு தாண்டியதும் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லம்மா."

"சொல்லிட்டன்னா சொல்லு. அவுங்களுக்கு ஒரு போன் போட்டு, எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் இருட்டில் பேசாமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விவாதக் குழுவுக்கு நான் போகவில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். அதற்கு முன் மேடத்திடமிருந்து மெயில் வந்தது. படங்களைத் தேர்ந்தெடுக்க வேறு ஒருவரை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். அதன் கீழே இன்னொரு பத்தி. அவர்களுடைய படங்களைப் பார்க்கிறவர்களில் நிறைய பேர் எங்கள் ஊரைப் போன்ற ஊர்களில், அதே மாதிரி மெஷின்களில்தான் பார்க்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்ததாம். அவர்களிடம் அப்படி ஒரு மெஷின் இல்லை. அதனால் ஒவ்வொரு படத்தையும் வெளியிடுமுன் எனக்கு அனுப்புவார்கள். எந்த இடத்தில் மெதுவாகிறது என்று நான் எழுதி அனுப்ப வேண்டும். படத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள். கருத்து தேவையில்லை. முக்கியமாக, மெஷினை மாற்றிவிட வேண்டாம்.

பாயிடம் காட்டினேன். "அட, நான் இத்த அடுத்த மாசம் காயலான் கடைல போடலாம்னு இருந்தேனே மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே இதுக்குத் தனி மின்விசிறி போட்டுடலாம். சம்பாதிக்கிற புள்ளையாச்சே."

ஒப்புக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டாம் என்பது ஒரு காரணம். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்: என் பொண்ணு பார்த்து சொன்னாத்தான் மெட்ராஸ்ல படமே வுடுவாங்க என்று. தெருவில் யாராவது கேட்டால் நான் "ஆமாம்" என்று சொல்வதில்லை, "இல்லை" என்றும் சொல்வதில்லை.

ரேஷன் கடைப் படம் என்னிடம் வரவேயில்லை. அதை அவர் கைவிட்டுவிட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் அவருடைய வேறு படம் ஒன்று வந்தது. ஒரு பெண்மணி கோழியைத் துரத்துகிறாள். சென்னையில் அந்த வீட்டில் மேளத்தோடு அது எப்படி ஓடும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. என் மெஷினில் கோழி கூரையிலிருந்து குதித்தபோது இறக்கை இறகு இறகாக விரிந்தது. கோழி கொஞ்ச நேரம் காற்றிலேயே இருந்தது, பறக்கத் தெரிந்துவிட்ட மாதிரி. கீழே அந்தப் பெண்மணி கைகளைத் தூக்கியபடி நின்றாள். நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகும் ஒரு முறை பார்த்தேன்.

பிறகு எழுதினேன். "கோழி குதிக்கும் இடத்தில் மிகவும் மெதுவாகிறது. இறக்கையில் கோடுகள் அதிகம். குறைக்கவும்." படித்துப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அனுப்பினேன்.