தேவ் பெயரில் பாதிக் கடை

ரங்கநாதன் தெருவை ஒட்டிய டீக்கடையில் கேள்விப்பட்டது இது: இசக்கிமுத்து அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தேவானை, கடை வெப்சைட்டில் பாதியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். நிலத்தைத்தான் அப்படி மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். நாடு முன்னேறுகிறது. விசாரிக்கப் போனேன்.

கண்ணால் கண்ட சாட்சி, அண்ணாச்சியின் தங்கை மகன் ராகேஷ். தேவானையின் திரையை எட்டிப் பார்த்திருக்கிறான். இரண்டு பட்டியல்கள். ஒன்றின் தலைப்பு டி, இ, வி என்று ஆரம்பம். கடையில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவதும் தேவ். மற்றப் பட்டியலில் இருந்தவற்றை அவள் ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

"சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கடை பேருக்கே மாத்திரணும். இல்லன்னா நாளைலருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

தேவானையுடையது, ஆற்றங்கரையிலிருந்து கண்ணகி நகருக்கு மாற்றப்பட்ட குடும்பம். வீட்டுக்கு வரும் சம்பளம் அவளுடையது மட்டும். பேசாமல் பழையபடி மாற்றிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். புத்திசாலிகள் அதைத்தான் செய்வார்கள்.

"தேவ்னா நானா? டெவலப்மென்ட் சார் அது!" என்று என்னிடம் சிரித்தவள், புதுச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இந்தக் குண்டூசி, அட்டை எல்லாம் யாருக்கு?"

"மடிச்சு வைக்கதுக்கு. நமக்குத்தான்."

"பட்டன்?"

"போடுதவனுக்கு. இதென்ன கேள்வி?"

"சைட்டு எழுதற ஜாவாஸ்கிரிப்ட்லயும் அப்டித்தான். பேக்கேஜ்னா மத்தவங்க எழுதி வெச்ச ரெடிமேட் கோடு. நாங்க வேல செய்றப்ப மட்டும் வேணும்ன்ற பேக்கேஜ், ஊசி. சைட்டு ஓடறதுக்கு வேணும்ன்றது, பட்டன். முன்ன இருந்தவரு ரெண்டையும் ஒண்ணா கொட்டி வெச்சிட்டுப் பூட்டாரு. சர்வரு ஊசியயும் சேத்து சுமந்துகினு கீது. நான் ஊசிய மட்டும் தேவ் லிஸ்டுக்குப் பிரிச்சேன், அவ்ளோதான்."

அண்ணாச்சி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியாபாரி அல்லவா. "பட்டன் ஏதும் ஊசி டப்பாவுக்குப் போயிரலியே?" என்றார்.

இங்கேதான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ‘இல்லை’ என்று அவள் சொல்லவில்லை. "பாத்துட்டு வரேன்" என்று மாடிக்குப் போனாள். ஊசிகளை விட்டுவிட்டு, பட்டன் பட்டியலை மட்டும் தன் கம்ப்யூட்டரில் தனியே ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். புடவை தெரிந்தது, விலை தெரிந்தது, பில் வரவில்லை. இறங்கி வந்தாள்.

"ஒரு பட்டன் போய்ட்டுகீது அண்ணாச்சி. பில் போடற பேக்கேஜ். என் தப்புதான். நல்லவேள, இன்னும் நம்ம சைட்டுல ஏத்தல. திருப்பி எடுத்து வெச்சுட்டேன், ஓடுது."

ஆக, வதந்தி முழுப் பொய் இல்லை. கடைப் பொருள் ஒன்று தேவ் பட்டியலுக்குப் போனது உண்மை. குற்றவாளியே தேடிக் கண்டுபிடித்து வந்து சொன்னாள் என்பதைத்தான் டீக்கடையில் யாரும் நம்பப்போவதில்லை.

"தன் தப்பைத் தானே வந்து சொல்லுத பிள்ளைய எங்க போயித் தேட? நாளைக்கு வழக்கம்போல வா தாயி" என்றார் அண்ணாச்சி.

கல்லா அருகே நின்ற ராகேஷ் பக்கம் தேவானை திரும்பினாள். "இன்னா ராகேஷு, ஒரு ஸாரி பாக்கி கீதே?"

"குடுத்திருல" என்றார் அண்ணாச்சி, தலை நிமிராமல். "பருத்தியா, பட்டா?"

மாதம் ஒன்றாகிறது. அவள் கேட்டதும் வரவில்லை. அவர் சொன்னதும் வரவில்லை.