வெள்ளம் மாத்தியாச்சா?

அக்கா இல்லாமல் ஒரு முழு ஆண்டு கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். பிறந்தது, படித்தது, உழைத்தது என்று வரிசையாக இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கே தொடங்கினாலும் பேனா ஒரு ஜன்னலுக்கே போய் நிற்கிறது. அந்த ஜன்னலில் ஒரு தேன் பாட்டில். பாட்டிலுக்குப் பின்னால் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை.

திருவனந்தபுரம் கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் தெருவில் அக்கா பிறந்தார். அப்பா கிழக்கேகோட்டையில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தா. அப்பா போனபோது அக்காவுக்கு இருபது வயது, எனக்கு ஒன்பது. அப்போதுதான் வேதியியல் பட்டம் முடித்திருந்தார். மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாக வந்த கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் செருகிவிட்டு, ஒரு வண்டிக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தார். பள்ளிக்கூட பஸ்கள், அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றும் வேன்கள், பொன்முடி எஸ்டேட்டுக்குப் போய்வரும் ஒரு பஸ், இவைதான் கம்பெனி. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் "அம்பி படிச்சு முடிக்கட்டும்" என்றார். நான் முடித்தபோது பேச்சு வருவது நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வருத்தமாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வண்டிகளுக்கு எரிபொருள் வாங்கும் பொறுப்பு அக்காவிடம் வந்த சில ஆண்டுகளில் பயோடீசல் வந்தது. ஹோட்டல்களிலும் பழவங்காடி வறுவல் கடைகளிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, மருந்து கலந்து, வண்டிக்கு ஊற்றும் எரிபொருளாக மாற்றும் ஆலை ஒன்று நாகர்கோவிலுக்கு இந்தப்புறம் தொடங்கியிருந்தது. அதை டீசலோடு கலந்து ஓட்டலாம் என்று அக்காதான் முதலாளியிடம் சொன்னார். அந்த வட்டாரத்தில் யாரும் அதுவரை துணியவில்லை. வழக்கமாக டீசல் தரும் பம்புக்காரர், "மாமி, இன்ஜின் என்ன வாணலியா?" என்று சிரித்தாராம். "வாணலியைவிட நன்னா இருக்கும், பாருங்கோ" என்று அக்கா சொல்லிவிட்டு வந்தார்.

நன்றாகத்தான் இருந்தது. டிரைவர்களுக்கு அக்கா 'சேச்சி'. பொன்முடி பஸ் ஓட்டிய ராஜப்பன் ஒரு நாள் அலுவலக வாசலில் நின்று முறையிட்டார்: "சேச்சி, புகையிலே பப்படம் பொரிக்கிற மணமாக்கும். பின்னாடி வர்ற வண்டிக்காரன் எல்லாம் பசிச்சுப் போய் ஹாரன் அடிக்கிறான்."

"அப்போ ஒரு கிண்ணம் ரசமும் கொண்டுபோய் வையும்" என்றார் அக்கா.

எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு வண்டி முதலாளிகள் அந்த ஆலையிலிருந்து வாங்கத் தொடங்கினார்கள். 'உங்க அக்கா சொன்னா சரியா இருக்கும்' என்று என்னிடமே ஒருவர் சொன்னார். அந்த நம்பிக்கை அக்காவுக்குப் பெருமையாக இருந்ததைவிடப் பயமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். அந்த எண்ணெயை ஆலையில் கடைசியாகத் தண்ணீர் ஊற்றி அலசுவார்கள். அலசிய தண்ணீரை வடித்து, மிச்ச ஈரம் போகச் சூடாக்கி, பிறகுதான் லாரியில் ஏற்ற வேண்டும். ஈரம் தங்கினால் இன்ஜின் ஏற்றத்தில் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் அக்கா ஆலைக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்பார்: "வெள்ளம் மாத்தியாச்சா?"

வெள்ளம் என்றால் எங்களுக்குத் தண்ணீர். மாத்துவது என்றால் அப்புறப்படுத்துவது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது மலையாளமா தமிழா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது, வாய் அப்படியே பழகிவிட்டது. ஆலையில் போனை எடுக்கும் மேற்பார்வையாளரும் எங்கள் பக்கத்துப் பாறசாலைக்காரர். "மாத்தி, சேச்சி" என்பார். லோடு கிளம்பும்.

அந்த வாரம் அவர் விடுப்பில் இருந்தார். போனை எடுத்தவர் முத்தையா, கோவில்பட்டிக்காரர், ஆலைக்குப் புதியவர். வெள்ளம் என்றால் தண்ணீர் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார். அதைத்தான் அவர் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். முழு வாக்கியமும் புரியாமல் போயிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பார். பாதி புரிந்ததால் கேட்கவில்லை.

"வெள்ளம் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சுக்கா."

வழக்கமாக லாரி முதல் நாளே வந்துவிடும். ஒவ்வொரு லோடிலும் ஒரு காலித் தேன் பாட்டில் நிறைய எண்ணெய் எடுத்து அக்கா தன் ஜன்னலில் வைப்பார், ஓர் இரவு நின்றால் ஈரம் அடியில் தெரியும் என்று. அன்று லாரி காலையில்தான் வந்தது. தொட்டியோ காலி. பாட்டிலில் எடுத்தது சற்றே கலங்கல். மழைக்காலத்துக் குளிர்ச்சி என்று அக்கா நினைத்தார். முத்தையாவின் பதில் கையில் இருந்தது. பத்து மணிக்கு ஒன்பது வண்டிகள் நிரப்பிக்கொண்டன. எட்டு பள்ளிக்கூட பஸ்கள். ஒன்பதாவது பொன்முடி பஸ்.

நான் மதியம் போனேன். சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார், கொடுக்கப் போனேன். மழை சற்று விட்டு, ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. அக்கா பாட்டிலைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே எண்ணெய் தெளிந்திருந்தது, பொன் மாதிரி. அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். அவ்வளவு சாதுவாக ஓர் ஆபத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை.

போன் போட்டார். ஒலிபெருக்கியில் முத்தையாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மாத்தியாச்சுன்னு சொன்னியேப்பா?"

"ஆமாக்கா, மூணு தடவ மாத்துனேன். பழச வடிச்சிட்டுப் புதுசு ஊத்தி, அதையும் வடிச்சிட்டுப் புதுசு ஊத்தி..."

"அப்புறம் காய்ச்சினியா?"

"அது அடுத்த வேலைல்லா? நீங்க மாத்தியாச்சான்னுதான கேட்டீங்க? அதுக்குள்ள லாரிக்காரன், மேடம் சரின்னுட்டாங்கன்னு ஏத்திட்டுப் போயிட்டான்."

அக்கா போனை மேசையில் வைத்தார், மிக மெதுவாக, அது உடைந்துவிடும் என்பதுபோல.

மூன்று மணிக்குப் பள்ளி விடும். எட்டு டிரைவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அன்றுதான் அவர் ஒரே விஷயத்தை இரண்டு மொழியிலும் சொன்னதைக் கேட்டேன். "ஸ்டார்ட் பண்ணாதே. ஸ்டார்ட் ஆக்கருது. என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு." எட்டுப் பேரும் திருப்பிச் சொன்னார்கள். வேறு கம்பெனிகளிலிருந்து வண்டி வரவழைத்தார்.

ராஜப்பனுக்கு மணி போகவே இல்லை. அந்த மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கினால் சிக்னல் கிடையாது. பஸ்ஸில் எஸ்டேட் ஆட்கள், ஆரம்பப் பள்ளி டீச்சர்கள் இருவர். அக்கா திரும்பத் திரும்ப அதே எண்ணை அழுத்தினார். மீண்டும் மழை பிடித்தது. கொண்டுபோன சாப்பாடு தூக்குச்சட்டியிலேயே இருந்தது. "நீ எழுதற கதை யாருக்கும் புரியலைன்னாலும் பாதகமில்லேடா, அம்பி" என்றார் என்னைப் பார்க்காமல். "நான் பேசறது புரியலைன்னா வண்டி கவுந்துடும்."

கவிழவில்லை. ஒரு வளைவின் நடுவில் இன்ஜின் இருமி இருமி நின்றதாம். ராஜப்பன் கைபிரேக்கைப் பிடித்து, அத்தனை பேரையும் இறக்கி மலைப்பக்கம் நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்திருக்கிறார். ஈரச் சாலையில் பஸ் ஒரு சாண் பின்னால் வழுக்கியது. ஒரு சாண்தான். கல்லுக்கும் டயருக்கும் நடுவில் அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் போயின.

மருத்துவமனையில் அக்கா அவர் கட்டிலருகே நின்றார். ராஜப்பன்தான் பேசினார்: "போட்டே சேச்சி. வண்டிக்கு அஞ்சு கியர்தானே? எட்டு விரல் மதி, போதும்." அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

முத்தையாவை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி ஆலைக்கு எழுதலாம், இந்த எண்ணெயே வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம் என்றார் முதலாளி. "எண்ணெய் தப்புப் பண்ணலை, அந்தப் பையனும் பண்ணலை. என் வாய்தான் பண்ணித்து" என்றார் அக்கா. மற்ற இரண்டு முதலாளிகள் அன்றே பழைய டீசலுக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கள் வண்டிகளின் தொட்டிகளைக் கழுவிக் காயவைத்து, மாதங்கள் கழித்து அக்கா மறுபடியும் தொடங்கினார். பாட்டில் ஓர் இரவு நிற்காமல் ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது. 'மாத்து' என்ற சொல் அலுவலகத்தில் கூடாது. 'எடுத்தாச்சு' அல்லது 'புதுசு ஊத்தியாச்சு'. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அந்தச் சட்டம் வந்தது. "காபித் தம்ளரை எடுக்கறதா, நிரப்பறதா, சரியாச் சொல்லு" என்பார். நான் சிரிப்பேன், அவர் சிரிக்க மாட்டார். கரமனைப் பாலத்தில் ஏதாவது வண்டி ஏறும்போது சத்தம் சற்றுக் குறைந்தால்கூட, பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார். அது திரும்ப வேகம் பிடிக்கும் வரை மூச்சு விடமாட்டார். ஒருபோதும் நடக்காத ஏதோ ஒன்றை அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சென்ற ஆண்டு நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்தது. நுரையீரலைச் சுற்றி அது மெல்ல மெல்ல ஏறியது. நர்ஸ் ஒருவர் வந்து, "அம்மே, வெள்ளம் மாத்தணும்" என்றபோது, அந்த மூச்சுத் திணறலிலும் அக்கா என் பக்கம் கண்ணைத் திருப்பினார். "கேளுடா, எடுக்கறதா, புதுசு ஊத்தறதான்னு."

மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் நிறைந்தது.

கடைசி நாள் பிற்பகல். கட்டிலருகே ஸ்டூலில் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர். அக்கா விழித்து, அதைப் பார்த்தோ பார்க்காமலோ, "அம்பி, வெள்ளம் மாத்து" என்றார். அவரே தடுத்த சொல். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு நடைக்கோடி வரை போய், பழையதைக் கொட்டி, புதிதாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் முடிந்திருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவமனைக்காரர்களுக்கும், வீட்டு வாசலில் நின்றவர்களுக்கும், பிள்ளைகளோடு வந்து கும்பிட்ட எட்டு டிரைவர்களுக்கும் நன்றி. அக்காவின் கடைசிப் பயணத்துக்கு அதே எண்ணெயில் ஓடும் வண்டியைத் தானே ஓட்டிய ராஜப்பன் சேட்டனுக்கு நன்றி. மயானம் வரை அந்தப் பப்படத்தின் மணம் கூடவே வந்தது.

பதின்மூன்றாம் நாள் அந்த நர்ஸும் வந்திருந்தார், முத்தையாவும் வந்திருந்தார். அக்கா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். சொன்னேன். "பாவம், தம்ளர் வேண்டாம், எடுத்துடுன்னு பறஞ்ஞிருக்காங்க" என்றார் நர்ஸ். "இல்லைங்க, புதுத் தண்ணி கேட்டிருக்காங்க" என்றார் முத்தையா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். ராஜப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இருவருக்கும் என் நன்றி. அவரவர் காதுக்கு அவரவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். திருப்பிக் கேட்க வேண்டியவன் நான்.