பள்ளமா, ஓடையா

திண்டிவனத்துலேர்ந்து கிராவல் லோடு ஏத்திக்கிட்டு அரியாங்குப்பம் வந்திருக்கேன். ஆத்தோரம், சதுப்பு மரங்களுக்கு நடுவுல மனைக்கல்லு நட்டிருக்காங்க. பள்ளத்தைத் தூர்க்கணும்னு மேஸ்திரி சொல்றார். டிப்பரைத் தூக்கப் போறேன். நண்டுக்கூடையோட ஒரு அம்மா வண்டிக்குப் பின்னால வந்து நிக்குது.

"தள்ளும்மா, மண்ணு மேல விழும்."

"விழட்டும். இது பள்ளம் இல்லண்ணே, ஓடை. ஊரு மழைத்தண்ணி இதுலதான் ஆத்துக்குப் போவுது. கொஞ்சம் இரு, கடல்தண்ணி ஏறும். அதுங்கிட்டயே கேளு."

"யோவ், கொட்டுய்யா!" மேஸ்திரி கத்துறார்.

எஞ்சினை நிறுத்துறேன். அரை மணி நேரம் காத்திருக்கேன். மரத்து வேரைச் சுத்தி தண்ணி ஏறுது. மனைக்கல்லு பாதி முழுகுது. என் பின்சக்கரம் நனையுது.

"பள்ளமாண்ணே?"

"நீ போனா வேற வண்டி வரும்," மேஸ்திரி சொல்றார்.

மண்ணோடவே திருப்புறேன். கண்ணாடியில பாத்தா, அந்த அம்மா கணுக்கால் தண்ணியில அங்கியே நிக்குது.